சூப்பர்வைசரின் வயிறு

தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே, இனி நாம் சாப்பிடுவதை நாமே விளைவித்துக்கொள்வோம் என்று மனைவியிடம் அறிவித்தேன். அவள் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புகிறவள். நான் அறிவித்த நேரத்தில் ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் குடையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வெளைவிங்க. அதுக்கு முன்னாடி வண்டிய எடுங்க, ரயிலு போயிடும்" என்றாள்.

எங்கள் வீடு மயிலம் சாலையிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் இருக்கிறது. பின்னால் கொஞ்சம் காலி இடம். அதற்கப்பால் பக்கத்து வீட்டம்மா வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை. அந்தக் காலி இடத்தில் நான் வெண்டை போட்டேன், தக்காளி போட்டேன், கத்தரி போட்டேன். கீரை மட்டும்தான் வந்தது. அதுவும் நான் விதைத்த கீரையில்லை, தானாக முளைத்தது. பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்ப ஊத்துறீங்க சார். செடி முழுவிப் போவுது" என்றார். நான் கைப்பேசியில் வீடியோ பார்த்து ஊற்றினேன். அந்த வீடியோவை எடுத்தவர் ஏதோ மணல் பூமியில் இருந்திருக்க வேண்டும்.

செடிகள் கைவிட்டதும் கோழிக்கு மாறினேன். கூண்டு நானே செய்தேன். பழைய பொருள் கடையில் கேபிள் சுற்றும் உருளைகளின் பலகை கிடைத்தது. வேலை பார்த்த காலமெல்லாம் அந்த உருளைகளோடு பழகியவன் என்பதால், அந்தப் பலகையில் எனக்கு ஓர் உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கூண்டு உறுதியாக வந்தது. வாசல்தான் கோழி மட்டும் நுழையும் அளவுக்கு அமைந்துவிட்டது. முட்டை எடுக்க வேண்டுமென்றால் நான் தரையில் குப்புறப் படுத்து, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட வேண்டும். முதல் முட்டையை அப்படித்தான் எடுத்தேன். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டம்மா களைக்கொத்தோடு நின்றிருந்தார்.

"இன்னா சார், கூண்டு கோழிக்கா, உங்களுக்கா?"

சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழிகள் சில. பெயர் வைக்கக் கூடாது என்று வீடியோக்களில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் அறுக்க முடியாது என்றார்கள். நான் அந்த விதியைக் கடைப்பிடித்தேன். பெயர் வைக்கவில்லை, பதவி கொடுத்தேன். செம்மண் நிறத்தில் ஒரு கோழி, நான் எதைச் செய்தாலும் வந்து நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். வாளியை வைத்தால் வாளியைப் பார்க்கும். மண்ணைக் கிளறினால் நான் கிளறிய இடத்தையே இன்னொரு முறை சரியாகக் கிளறும். அதற்கு சூப்பர்வைசர் என்ற பதவி. சாம்பல் நிறக் கோழி எப்போதும் கடைசியில் வரும், தீனி தீர்ந்த பிறகு வந்து கத்தும். அதற்கு யூனியன் லீடர். மற்றவை ஊழியர்கள். பாசம் எந்த வழியாக வந்தது என்று எனக்கே தெரியாது. வந்தது.

முதல் நோய் வந்தது அந்த ஐப்பசியில். ஒருநாள் காலையில் கூண்டைத் திறந்தால் உள்ளே தலையணை கிழிந்த மாதிரி இறகுகள். சூப்பர்வைசரின் கழுத்து மொட்டையாகியிருந்தது. வால் இல்லை. முதுகில் குச்சி குச்சியாக ஏதோ முளைத்திருந்தது. கட்டைப்பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, ஸ்கூட்டரின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் பறந்தேன். அங்கே ஆடும் மாடும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, "அவசரம், அவசரம்" என்று உள்ளே போய்விட்டேன்.

மருத்துவர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கோழியின் இறக்கையை விரித்துப் பார்த்தார். குச்சிகளைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி கோழி வளத்திருக்கீங்களா சார்?"

"இல்லீங்க."

"இறகு உதிர்க்குது. பழசு கொட்டிப் புதுசு மொளைக்குது. எல்லாக் கோழியும் செய்யும்."

"மருந்து?"

"நல்லா தீனி குடுங்க. அதுவும் வேணும்னாதான்."

வெளியே வந்தபோது, நான் முந்திக்கொண்டு வந்த வரிசையில் எல்லோரும் என் பையையே பார்த்தார்கள். மடியில் ஆட்டுக்குட்டியோடு இருந்த பெரியவர், "இன்னா ஆச்சி கோழிக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார். முடி கொட்டுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைரஸ் என்று சொல்லிவிட்டேன். அவர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த அவமானம்தான் அடுத்த முறை என்னைத் தாமதிக்க வைத்தது. சூப்பர்வைசருக்குப் புது இறகு முளைத்து, முன்னைவிட மினுமினுப்பாகி, மறுபடி முட்டையிடத் தொடங்கி, பிறகு நிறுத்தியது. நின்றால் நிற்கட்டும் என்றிருந்தேன். நடையில் ஒரு மாற்றம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்தது. பதவிக்கு ஏற்ற நடை வந்துவிட்டது என்று மனைவியிடம் நகைச்சுவையாகச் சொன்னேன். தீனி வைக்கும்போது எல்லோருக்கும் முன்னால் ஓடி வருவது, யூனியன் லீடருக்கும் பின்னால் வந்தது. அப்போதும் சும்மா இருந்தேன். இன்னொரு முறை அந்த மருத்துவர் முன்னால் போய் நின்று, சும்மா இருக்கிற கோழியைக் காட்டி அசடு வழிய எனக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி துணி உலர்த்த வந்தவள், கொடிக்கயிற்றின் கீழே நின்ற கோழியைப் பார்த்தாள். கோழிகளைத் தொடுவதில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தவள் அவள். "நாள் பூரா வார்டுல தூக்கி எறக்கறேன். வூட்லயும் என்னால முடியாது" என்று ஒப்பந்தம். ஆனால் அன்று ஈரத் துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் அதன் வயிற்றைப் பிடித்தாள்.

"எத்தினி நாளா இப்டி இருக்குது?"

"இப்டின்னா?"

"வயித்துல தண்ணி கோத்துக்கினு இருக்குது. தெரியலியா உங்களுக்கு? பலூன் மாரி கீது."

நான் பதவிக்கேற்ற நடை என்று சொன்னதை அவள் எனக்கு நினைவூட்டவில்லை. அதற்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் மருத்துவமனையில் ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்தேன். மருத்துவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மறுபடி இறகா சார்?" என்றார். கோழியை மேசையில் வைத்ததும் அவர் முகம் மாறியது. முட்டையின் மஞ்சள் கரு போக வேண்டிய குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது, அது உள்ளே கெட்டு நீர் கோத்துக்கொள்கிறது என்று விளக்கினார். ஊசி வைத்து நீரை எடுத்தார். கலங்கிய மஞ்சள் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. ஒரு கோழிக்குள் இவ்வளவா என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மனைவி இத்தனை வருடமாக என்ன வேலை செய்கிறாள் என்பது அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு லேசாகப் புரிந்தது.

"மூச்சு விட இனிமே சுளுவா இருக்கும்" என்றார் மருத்துவர். "ஆனா இது திரும்பக் கோக்கும் சார். மருந்து எழுதறேன். மருந்து போன கோழி, முட்டையும் கறியும் சாப்பிடாதீங்க. வசதியா வெச்சிக்கோங்க. தீனி எடுக்காம ஒடுங்கிப் போச்சின்னா இழுத்தடிக்க வேணாம். கொண்டாங்க, ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம். அதுக்கு வலிக்காது."

"திரும்பக் கோக்கும்" என்பது வரைதான் நான் கவனமாகக் கேட்டேன். பிறகு, "திரும்ப எடுத்துடலாம் இல்லீங்களா?" என்றேன்.

"எடுக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

வீட்டில் குளியலறை வார்டாக மாறியது. பழைய துண்டு, அட்டைப்பெட்டி, குண்டு பல்பு. கேப்பைக் கூழைத் தயிரில் கரைத்துச் சொட்டுக் குழாயால் ஊட்டினேன். வேளை தவறாமல் மருந்து. கைப்பேசியில் அலாரம். வெப்பமானி ஒன்று வாங்கிவந்து எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல், அறையின் வெப்பத்தை மட்டும் பார்த்தேன். மனைவி பெட்டியைச் சுற்றி நின்று குளித்தாள். ஒருநாள் ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கும்போது கோழி பெட்டியிலிருந்து அவளையே கழுத்தைச் சாய்த்துப் பார்த்ததாம். "மேட்ரன்கூட என்னை இப்டி பாத்ததில்ல" என்றாள்.

நீரை எடுத்துவிட்டு வந்தால் சூப்பர்வைசருக்குக் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். தோட்டத்தில் விடுவேன். நடக்கும். நான் எல்லோருக்கும் போன் செய்து சொல்வேன். இலாகா நண்பர் ஒருவர், எந்தச் சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று கடைசிவரை புரியாமலே, கவலைப்படாதே, காலாகாலத்தில் குணமாகிவிடுவார் என்று ஆறுதல் சொன்னார். பிறகு மறுபடி வயிறு வீங்கும். மறுபடி கட்டைப்பை, ஸ்கூட்டர், வரிசை. நல்ல நாட்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஊசி வைக்கும்போது முன்பெல்லாம் திமிறியது, இப்போது மேசையில் சும்மா கிடந்தது. பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவி மாலையில் ரயிலிலிருந்து இறங்கி வண்டியில் ஏறியதும் கேட்பாள்: "இன்னிக்கு அது இன்னா பண்ணிச்சி?"

நான் உற்சாகமாக ஒப்பிப்பேன். காலையில் மருந்து கொடுத்தேன், துண்டை மாற்றினேன், தயிர்க்கூழ் ஊட்டினேன், வெயிலில் வைத்தேன், காலுக்கு விளக்கெண்ணெய் தடவினேன். அவள் "ம்" என்று கேட்டுக்கொண்டு வருவாள். ஒருநாள் மேம்பாலத்தில் நெரிசலில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து சொன்னாள்.

"நீங்க இன்னா பண்ணீங்கன்னு நான் கேக்கலீங்க. அது இன்னா பண்ணிச்சி?"

யோசித்துப் பார்த்தேன். பின்னால் லாரிக்காரர் ஒலிப்பானை அமுக்கிக்கொண்டே இருந்தார். அது மண்ணைக் கிளறவில்லை. மண் குளியல் போடவில்லை. மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் போகவில்லை. கரையான் புற்றை உடைத்துப் போட்டபோது மற்றவை அடித்துக்கொண்டன, இது அட்டைப்பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நான் வாளியை வைத்தபோது பார்க்கவில்லை. நான் ஊட்டியதை விழுங்கியது. அவ்வளவுதான்.

"ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"எத்தினி நாளா?"

வண்டியைக் கிளப்பினேன். வண்டி நகர்ந்ததும் அவள் என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். வார்டில் பேஷண்டுக்குத் துணையாக வருகிற இப்படிப்பட்டவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன், எல்லாரும் நல்லவர்கள்தான் என்று சொன்னாள். "கடைசில அந்த பேஷண்டு மூஞ்சிய யாருமே பாக்க மாட்டாங்க. ட்ரிப்பு எறங்குதான்னுதான் பாத்துக்கினு இருப்பாங்க."

முடிவு எடுத்தாகிவிட்டது. ஆனால் மருத்துவரிடம் போகக் கூச்சம். இத்தனை முறை நீர் எடுக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போவது? அதைவிட, ஊரில் எல்லோரும் கோழியை எப்படி முடிக்கிறார்களோ அப்படியே முடித்துவிடலாம், நானும் ஒரு விவசாயிதானே என்று ஒரு வீம்பு. பக்கத்து வீட்டம்மாவிடம் வேலி ஓரமாகப் போய் பேச்சைச் சுற்றி வளைத்தேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"குடுங்க சார், ஜல்தியா முடிச்சிடறேன். கொழம்பு வெச்சிக் குடுத்துடறேன், ஆளுக்குப் பாதி."

"மருந்து போயிருக்கு, சாப்பிடக் கூடாதும்மா."

"சாப்புட கூடாதுன்னா அப்புறம் எதுக்கு சார் அறுக்கறது?" அவர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. நானோ முந்தின ஞாயிறுதான், சூப்பர்வைசருக்குக் கூழ் ஊட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, கடை பிரியாணியில் லெக் பீஸ் இல்லை என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டவன். அந்தக் கையை எந்தச் சோப்பால் கழுவினேனோ தெரியவில்லை, எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த யோசனை இன்னும் கேவலமானது. வழக்கமாகக் கறி வாங்கும் பிராய்லர் கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வலிக்காமல் செய்யத் தெரிந்தவர் என்பது என் கணக்கு. கூட்டம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் என் பையை எட்டிப் பார்த்து, "நாட்டுக்கோழியா? விக்கறதுக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், உங்க கோழியா? தோல் உரிக்கணுமா, சுட்டுக் குடுக்கணுமா?" என்று கத்தியை ஈரத்துணியில் துடைத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு கூண்டு நிறைய வெள்ளைக் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. வாரா வாரம் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசி பார்த்திருக்கிறேன். அன்றுதான் கூண்டுக்குள் பார்த்தேன். சூப்பர்வைசர் பைக்குள்ளிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று உளறிவிட்டுத் திரும்பிவிட்டேன். எதைக் கேட்க வந்தேன் என்று அவர் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். போனோம் என்றுதான் சொல்ல வேண்டும். கோழிக்காக லீவு போட முடியாது என்று சொன்னவள், காலையில் ரயிலுக்குச் சேலை கட்டாமல் வீட்டுச் சேலையோடு வந்து வண்டியில் ஏறினாள். பையை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவர் எங்களை எதுவும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, என்னைக் கோழியை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "கழுத்துப் பக்கம் தடவிக்குடுங்க. பேசிக்கினே இருங்க" என்றார். வாளி, வாளி என்று ஏதோ சொன்னேன். முதல் ஊசியில் தூங்கியது. இரண்டாவது ஊசி போட்ட பிறகு மனைவி இரண்டு விரலை அதன் நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள். நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. துடிப்பு இல்லை, சத்தம் இல்லை. இதற்குத்தானா இத்தனை வாரம் அதை இழுத்தடித்தேன் என்று நினைத்ததும் எனக்கு மனம் உடைந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் எருமைக்கன்றோடு ஒரு அம்மா. நல்ல மனசு. கன்றின் கயிற்றைக் காலில் மிதித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அழுவாதீங்க சார். இன்னா, கறவை மாடா?"

தலையாட்டி இல்லை என்றேன்.

"கன்னுக்குட்டியா?"

"கோழிங்க."

அவர் கன்றின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "வூட்டுக்கு இட்டுக்கினு போம்மா. வெயிலு" என்றார்.

கொல்லை மூலையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தேன். பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. நாய் தோண்டிவிடும் என்று சொல்லி, தன் வீட்டு வாசலில் கிடந்த பெரிய கல்லை உருட்டிவந்து மேலே வைத்தார். வைத்துவிட்டு, "ஒரு கொழம்பு போச்சி" என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் பக்குவப்பட்ட மனிதன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பக்குவப்பட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் உயிர்களின் வேதனையைப் பற்றி, சரியான நேரத்தில் விடைகொடுப்பதைப் பற்றி நீளமாகப் பேசினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவேன். மனைவி அப்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சில மாதம் கழித்து யூனியன் லீடர் விழுந்தது. காலையில் கூண்டைத் திறந்தபோது கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை முதுகுப் பக்கம் திரும்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடக்கப் பார்த்தால் பின்னாலேயே போய் சுவரில் முட்டியது. நான் பதறவில்லை. பழைய ஆளா நான்? அதன் முகத்தைப் பார்த்தேன். வேதனை என்று தீர்மானித்தேன். இழுத்தடிக்கக் கூடாது. மனைவி விழுப்புரத்தில் டூட்டியில் இருந்தாள். அவளுக்குப் போன் செய்து, மிகவும் நிதானமான குரலில், "ஒரு முடிவெடுத்திருக்கிறேன்" என்றேன். வார்டில் யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, வைத்துவிட்டாள். மருத்துவரிடம் போகுமுன் குழியைத் தோண்டிவைத்துவிடலாம், திரும்பி வந்து துக்கத்தோடு தோண்டுவது கஷ்டம் என்று முன்யோசனையாக முருங்கை ஓரத்தில் ஆழமாகத் தோண்டினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"செத்துப் போச்சா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"பின்ன?"

மருத்துவரிடம் கோழியை வைத்து, "வேதனைப்பட விட வேணாம்னு நினைக்கிறேன் டாக்டர். நான் தயாராயிட்டேன்" என்றேன்.

அவர் கோழியின் தலையை நேராகத் திருப்பி விட்டுப் பார்த்தார். அது மறுபடி வானத்தைப் பார்த்தது. தீனியை நீட்டினார். வானத்தைப் பார்த்தபடியே அது குறி தவறித் தவறிக் கொத்தியது.

"அது தயாராகல சார்" என்றார். மற்ற கோழிகள் நன்றாக இருக்கின்றனவா, பச்சையாகக் கழிகிறதா, மூச்சுத் திணறல் உண்டா, தடுப்பு மருந்து போட்டாயிற்றா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "தீனி இன்னா குடுக்கறீங்க?"

சொன்னேன். மூட்டையாக வாங்கி வைத்திருந்தேன். மழையில் ஒரு பக்கம் நனைந்தது. தற்சார்பு வாழ்க்கையில் எதையும் வீணாக்கக் கூடாது என்பதால் உலர்த்தி உலர்த்திப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பூசணம் புடிச்சிருக்கும். அதைக் குப்பையில போடுங்க. சத்துக் கொறைஞ்சாலும் கழுத்து இப்டி முறுக்கும். வைட்டமின் சொட்டு மருந்து எழுதறேன், கையில புடிச்சி ஊட்டுங்க. தனியா வைங்க. கொஞ்ச நாள் பாப்போம். சரியாவலேன்னா அப்ப நானே சொல்றேன்." கைகழுவிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் ஒரே மாரி இருக்காது சார்."

வீட்டுக்கு வந்து, கோழியைக் கையில் அணைத்துக்கொண்டு, அதற்கு முருங்கைக்கீரை பறிக்கலாம் என்று போனேன். குழியை மறந்துவிட்டேன். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தேனாம். பக்கத்து வீட்டம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்து முதலில் கோழியை வாங்கிக்கொண்டார், பிறகு என்னைத் தூக்கினார். "உங்களோட பேஜாரு சார்" என்றார். கணுக்கால் பூரி மாதிரி வீங்கிவிட்டது.

மாலையில் மனைவி ஆட்டோவில் வந்தாள். காலை அழுத்திப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை. மாவுக்கட்டு வேண்டாம், அசையாமல் கிடக்க வேண்டும் என்று தீர்ப்பு. கட்டு போட்டுக்கொண்டே, "உங்க விஷயத்துல இன்னா முடிவு எடுக்கலாம்? இழுத்தடிக்கலாமா?" என்றாள். யூனியன் லீடர் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொட்டு மருந்து வேலை செய்தது. ஒரே நாளில் அல்ல. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முழுதாக நேராகவில்லை, ஒரு பக்கச் சாய்வு நின்றுவிட்டது. எதையோ ஒத்துக்கொள்ளாத மாதிரியே இருக்கும். மற்றபடி தின்கிறது, கத்துகிறது, முட்டையிடுகிறது.

நான் படுக்கையில் கிடந்த நாட்களில் கோழிகள் மனைவியின் பொறுப்பில் வந்தன. வேறு ஆள் இல்லை. காலையில் ரயிலுக்கு முன்னால் கூண்டைத் திறந்து, தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, ஒவ்வொன்றையும் தூக்கி நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்து இறக்கிவிடுவாள். வார்டில் காலை ரவுண்ட்ஸ் போகிற அதே முகம். கூண்டின் வாசலைப் பார்த்து முதல் நாளே திட்டினாள். மறுவாரம் தச்சரைக் கூப்பிட்டு அகலப்படுத்திவிட்டாள்.

பிறகு ஒருநாள் கறுப்புக் கோழி ஒன்று தும்முவதாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். நான் என்ன சொன்னாலும் எடுபடாத காலம் அது. திண்டிவனத்து மருத்துவர் அன்று விடுப்பு. நான் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. மனைவி கட்டைப்பையை எடுத்துக் கறுப்பை உள்ளே வைத்து, மேலே தன் டிபன் டப்பாவை வைக்கப் பார்த்து, பிறகு டப்பாவை வேறு பையில் வைத்துக்கொண்டு, பாசஞ்சரில் விழுப்புரத்துக்கே கொண்டுபோய்விட்டாள். டூட்டிக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லி, அங்கிருக்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டினாளாம். நோய் ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிய தவிடு ரொம்பத் தூசாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வையுங்கள் என்றாராம்.

இதெல்லாம் மாலையில் எனக்கு நேராகச் சொல்லப்படவில்லை. அவளோடு தினமும் ரயிலில் வருகிற பள்ளி ஆசிரியை, என் காலைப் பார்க்க வந்தபோது சொன்னார். பேரணி தாண்டும்போது பைக்குள் கோழி முட்டையிட்டுவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கொக்கரித்ததாம். எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, ஸ்டேஷன் வந்துவிட்டது என்று இறங்கப் போய்விட்டாராம். மனைவி முட்டையைத் துடைத்து, டிபன் டப்பாவில் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டாளாம்.

"பாவம், முட்டை அடைச்சிக்கினுதான் தும்மிச்சோ இன்னாவோ" என்றாள் மனைவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. நான் சிரிக்கவில்லை. என் காலில் இருக்கிற கட்டை அன்றிரவு அவிழ்த்து இறுக்கிக் கட்டப் போகிறவள் அவள்தான்.